மறி சிவந்த கதை

அந்தக் காலத்தில் வானம் ஒரு மேய்ச்சல் காடு. வேலி கிடையாது, வரப்பு கிடையாது, இது என் பக்கம் அது உன் பக்கம் என்று யாரும் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்ததும் கிடையாது. மண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு; புல் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டம். விடியும்போது கண்மாய்த் தண்ணீருக்கு மேலே வெள்ளையாய் ஒரு புகை தவழுமே, அந்த மாதிரி மூட்டம் முழங்கால் உயரத்துக்கு எங்கே பார்த்தாலும் நின்றது. அதைத்தான் ஆடுகள் மேய்ந்தன. மேய்ந்த மூட்டம் வயிற்றுக்குள் போய், மயிரில் நட்சத்திரமாக முளைத்தது. ஓர் ஆட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்காதீர்கள். ஒட்டுப்புல் காட்டுக்குள் புகுந்து வந்த ஆட்டின் உடம்பை எண்ணிப் பார்த்தவன் எவனாவது உண்டா?

இன்றைக்குத் தொலைநோக்கியில் பார்த்து, ‘அதோ ஒரு விண்மீன் திரள், இதோ இன்னொரு திரள்’ என்கிறோம் அல்லவா, அது ஒவ்வொன்றும் ஓர் ஆடு.

ஆட்டில் இரண்டு வகை. ஒன்று வெள்ளாடு. அது துள்ளும், பாறை மேல் ஏறும், தலையை நிமிர்த்திக்கொண்டு ‘நான்தான் வழி’ என்று முன்னால் நடக்கும். இன்னொன்று மறி. அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்னால் போகிற ஆட்டின் பின்னாலேயே போகும். அப்போது மறியின் மயிரும் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. பெயரும் வெறும் மறிதான். அதற்கு முன்னால் ‘செம்’ என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு நாத்தனார்.

சோணை என்று ஒரு கீதாரி இருந்தான். கீதாரி என்றால் மந்தைக்குத் தலைவன். எங்கே மேய்வது, எங்கே தங்குவது என்று அவன் வாயில் வருவதுதான் உத்தரவு. அவன் பெண்டாட்டி ராக்கு. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ஈன முடியாமல் தவிக்கிற ஆட்டின் பக்கத்தில் அவள் போய் உட்கார்ந்தால் குட்டி தானாக மடியில் வந்து விழும் என்று பேர் எடுத்தவள். சோணைக்கு ஒரு தங்கச்சி. அவள்தான் இருளாயி.

இருளாயியை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெண் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே பார்த்ததில்லை. பெற்ற தாயே பார்த்ததில்லை. பிரசவம் ஆயிற்று, பிள்ளையைக் காணோம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டு அழும்போது, பிள்ளைக்கென்று கட்டி வைத்திருந்த வெறும் தூளி மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தொங்கியதாம். எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் தூளித் துணி விறைத்துக்கொண்டு நிற்கிறது. “எம் மக இருக்காடி, கனம் தெரியுது பாரு!” என்று அந்தத் தாய் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

அப்படியே வளர்ந்தாள். வெளிச்சம் பட்டால் அவளைத் தாண்டிப் போய்விடும். தொடப்போனால் கை காற்றைத் துழாவும். கஞ்சி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அவளிடம் இருந்தது ஒரு குரல், அப்புறம் அந்தக் கனம். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் நம் உடம்பு நம்மை அறியாமல் அந்தப் பக்கம் லேசாகச் சாயும். ‘ஓகோ, இருளாயி வந்துட்டா’ என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அம்மாடி, எவ்வளவு கனம் அவளுக்கு! அந்தக் காட்டில் இருந்த ஆடு, மாடு, ஆள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அவளுக்கு ஈடாகாது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருநாளும் ஒருத்தர் மேலும் இடித்ததில்லை. நம் ஆட்களுக்குத் தலையில் ஒரு துளி கனம் ஏறினால் போதும், தெருவே தாங்காது.

ராக்குவின் கல்யாணத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மிச்ச இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். சோணை ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். நாத்தனாருக்குக் கை இருந்தால் அல்லவா முடிச்சுப் போட! கூட்டத்தில் கசமுசா என்று பேச்சு. கடைசியில் சின்னத்தா ஒருத்தி முன்னால் வந்து இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதற்குக் கையைக் கொண்டுபோகிறாள், ராக்குவின் காதோரம் ஒரு குரல் கேட்டது.

“மதினி, அந்த ஒண்ணை விட்டுரச் சொல்லு. அது என்னோடது. என்னைக்காவது நானே போடுறேன்.”

“கழுத்துல அவிழ்ந்து விழுந்துச்சுன்னா உங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?” என்றாள் ராக்கு, தலையைக் குனிந்தபடியே.

“விழாது. நான் பாத்துக்கிறேன்.”

ராக்குவுக்கு அந்தக் குரல் பிடித்துப் போய்விட்டது. வேண்டாம் சின்னத்தா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம். புருசன் வீட்டில் எத்தனையோ பெண்டுகளுக்கு நாத்தனார் கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்று இருக்கும். இவளுக்கு வாய்த்தவள் கண்ணிலேயே படாதவள், ஆனால் இவள் அவளைத் தேடித் தேடிப் போய்ப் பேசினாள்.

ஒருநாள் ஆடுகள் மடங்கிப் படுக்கிற கிடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குட்டிகளுக்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தபோது இருளாயி கேட்டாள். “மதினி, நான் எப்படி இருப்பேன்?”

“எனக்கு என்னாடி தெரியும்?”

“சும்மா சொல்லு. செவப்பா, கறுப்பா? உன்னாட்டம் உசரமா?”

“கண்ணாடி இல்லாத கல்யாணப் பொண்ணு மாதிரி என்ன கேள்வி இது!” என்று ராக்கு சிரித்துவிட்டாள். எதிர்ப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை. ராக்குவுக்குச் சுருக்கென்றது. உண்ணி பார்த்த கையை உதறிவிட்டு, “எனக்குத் தெரியும்போது மொத ஆளா உன்கிட்டதான் சொல்லுவேன் தாயி” என்றாள். இருளாயி ம் என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இப்படி இருக்கையில் வானம் உப்பத் தொடங்கியது.

ஏன் உப்பியது என்று கேட்டால் எனக்கும் தெரியாது, சோணைக்கும் தெரியாது. பிசைந்து மூடி வைத்த மாவு எழும்புகிற மாதிரி, நாலா பக்கமும் சத்தமில்லாமல் விரிந்தது. நேற்றுக் கூப்பிடு தூரத்தில் இருந்த பக்கத்து மந்தை இன்றைக்குக் கூப்பிட்டால் கேட்கவில்லை. முழங்காலுக்கு நின்ற மூட்டம் கணுக்காலுக்கு இறங்கி, அப்புறம் பாதத்தை நனைக்கக்கூட இல்லாமல் மெலிந்துபோனது. பால் வற்றியது. பிறந்த குட்டிகள் மயிரில் ஒரு பொட்டு நட்சத்திரம் இல்லாமல் மொட்டையாகக் கிடந்து கத்தின.

சோணையின் மந்தைக்கு முன்னோடி கொம்பன் என்ற வெள்ளாட்டுக் கிடாய். மேய்ச்சல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மறிகளுக்கு முன்னால் ஒரு வெள்ளாட்டை விட்டு, அது போகிற வழியில் மந்தையை ஓட்டுவார்கள். மறிக்கு வழி தெரியாது, தலையைத் தூக்கிப் பார்க்கவே தெரியாத ஜென்மம் என்று அவர்களுக்கு ஒரு முடிவு. அந்தக் கொம்பன் தாடியை ஆட்டிக்கொண்டு வந்தது.

“கீதாரி, அங்கிட்டுப் பாரும். நடுவுல எம்புட்டுப் பெரிய வெளி! அம்புட்டும் யாரும் மிதிக்காத காடு. இங்கனயே கெடந்து சாகுறதுக்கு அங்க போயிப் பாப்போம்.”

எதிரே உண்மையிலேயே ஒரு பெரிய வெட்டவெளி திறந்திருந்தது. பார்க்கப் பார்க்க இழுக்கிற வெளி. சோணை யோசித்தான். பாதி மந்தையை, நடக்கத் தெம்பு உள்ளதாகப் பிரித்துக்கொண்டான். சினை ஆடு, குட்டி ஆடு, கிழடு எல்லாம் ராக்குவிடம்.

“நல்ல மேய்ச்சலாப் பாத்துட்டு வந்து உங்களையும் கூட்டிட்டுப் போறேன் புள்ள. கிடையைக் கலைச்சுறாத.”

“போன காலோட திரும்பிருங்க” என்றாள் ராக்கு.

போனான். கொம்பன் முன்னால், சோணை தோளில் தொரட்டிக் கம்போடு பின்னால். அவன் நடந்தது கொஞ்ச தூரம்தான். வானம் விரிந்தது அதைவிட அதிகம். ராக்கு ஓகோய் என்று கூப்பிட்டால் முதலில் அவன் ஓகோய் என்று பதில் கொடுத்தான். அப்புறம் பதில் தேய்ந்தது. ஒருநாள் அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒன்றுமே திரும்பி வரவில்லை. இருட்டில் தூரத்தில் ஒரு சின்ன மினுக்கம் மட்டும் தெரிந்தது, அவன் ஓட்டிப்போன ஆடுகளின் வெளிச்சம். அது நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போனால் வெளிச்சம்கூட வந்து சேராத தூரத்துக்குப் போய்விடுவான். அதற்கப்புறம் உயிரோடு இருந்தாலும் இல்லாததுபோலத்தான்.

ராக்கு உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் உடம்பு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

“இருளாயி! உங்கண்ணனைப் புடிச்சு இழுத்துட்டு வா. நீ போயிக் கூட்டிட்டு வாடி!”

“எனக்குக் கை ஏது மதினி? யாரையும் புடிச்சு இழுக்க என்னால முடியாது. நான் இருக்கிற பக்கம் எல்லாம் சாயும், அம்புட்டுத்தான். ஆனா ஒண்ணு செய்யலாம். ஒரே இடத்துல குந்தியிருக்கவும்தான் என் கனம் இங்கனயே கெடக்கு. நான் நீட்டிப் படுத்துட்டேன்னு வையி, இந்தக் காட்டுல இருக்கிற மூட்டம் எல்லாம் என்மேல வந்து சரியும். விரியிற வானத்தையும் கொஞ்சம் இழுத்துப் புடிக்கலாம்.”

“எம்புட்டு நீட்டுவ?”

“அண்ணன் போன தூரத்துக்கும் அதுக்கு அங்கிட்டும். எல்லாப் பக்கமும்.”

ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்புட்டு நீட்டினா நீ என்ன ஆவ?”

“இழை இழையாப் போயிருவேன். குரலு இருக்காது. நீ கூப்பிட்டா ம்னு சொல்ல முடியாது. அதுக்காக நான் இல்லைன்னு நெனச்சுறாத மதினி.”

வேண்டாம் என்று சொல்லத்தான் ராக்கு வாயைத் திறந்தாள். மொட்டைக் குட்டி ஒன்று அவள் காலடியில் கத்தியது. குனிந்து அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குள் அவள் சாய்ந்திருந்த பக்கத்தில் பிடிப்பு விட்டுப்போனது. உடம்பு நேராக நிமிர்ந்துகொண்டது. இருளாயி போய்விட்டாள். அடியே, அடியே என்று ராக்கு கத்தியதற்கு ஒரு சத்தமும் இல்லை.

யாருக்கும் தெரியாமல், யாரிடமும் பேர் வாங்காமல், தன்னை நூலாக இழுத்து வானம் முழுக்கப் படுத்தாள் ஒருத்தி. சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அப்போது ராக்குவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. புருசனும் போனான், நாத்தனாரும் போனாள், காலுக்குக் கீழே மூட்டமும் இல்லை. அவ படுத்துட்டான்னா எங்க படுத்தா? இருட்டுக்குள் இருட்டை எங்கே போய்த் தேடுவது? பேசாமல் சோணை போன வழியிலேயே போய்விடுவோம் என்று முடிவு கட்டி, ஆடுகளை எழுப்பினாள்.

ஆடுகள் எழுந்தன. நடக்கவில்லை.

மந்தையில் மூளி என்று ஒரு கிழட்டு மறி. குட்டியாக இருக்கும்போதே ஒரு காது போய்விட்டது, அதனால் அந்தப் பேர். அது தலையைத் தொங்கப் போட்டு, மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு, சோணை போன பக்கத்துக்கு நேர் குறுக்கே திரும்பி நின்றது.

“அங்கிட்டு எங்க போற? வழி இங்கிட்டு!” என்று ராக்கு கம்பால் தட்டினாள்.

“அது வெள்ளாட்டு வழி” என்றது மூளி. “இது இருளாயி வழி.”

“உனக்கு எப்படித் தெரியும்? தலையைத் தூக்கி ஒருநாளாவது பாத்திருக்கியா?”

“தலையைத் தூக்கிப் பாத்த நீ என்ன கண்ட?” என்றது மூளி, கொஞ்சமும் கோபப்படாமல். “எங்க தலை தானாத் தொங்குதுன்னு நெனச்சியா? அது கனம் இருக்கிற பக்கம் சாயுது. பொறந்ததுலேருந்து அப்படித்தான். அவ உங்க வீட்டுல குந்தியிருந்தப்ப நாங்க எல்லாம் எந்தப் பக்கம் மூஞ்சி வச்சுப் படுத்தோம்னு என்னைக்காவது பாத்தியா?”

ராக்கு யோசித்துப் பார்த்தாள். ஆமாம். கிடையில் ஆடுகள் எல்லாம் எப்போதும் இருளாயி இருந்த பக்கமே தலை வைத்துப் படுத்திருந்தன. வெயிலுக்குப் படுக்கிறது, காற்றுக்குப் படுக்கிறது என்று அவள்தான் நாளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையைத் தொங்கப் போட்ட முட்டாள் ஆடு என்று எத்தனை தடவை ஏசியிருப்பாள்! கம்பைக் கீழே போட்டுவிட்டு மூளியின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டாள். “நட தாயி, நான் பின்னால வாரேன்” என்றாள்.

கீதாரி வீட்டில் முதல் தடவையாக மறி முன்னால் நடந்தது, ஆள் பின்னால் நடந்தாள்.

கொஞ்ச தூரத்திலேயே காலில் ஈரம் பட்டது. மூட்டம். அப்புறம் கணுக்கால் அளவு, அப்புறம் முழங்கால். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, நீளமாக ஒரு தடத்தில் மட்டும் மூட்டம் வந்து சேர்ந்து ஓடையாகக் கிடந்தது. குட்டிகள் வாயை வைத்தன. மேய மேய மொட்டை மயிரில் பொட்டுப் பொட்டாக நட்சத்திரம் அரும்பியது. ராக்கு அந்த இருட்டில் குனிந்து, “நீயாடி? இங்கனதான் கெடக்கியா?” என்று தடவிப் பார்த்தாள். கை காற்றைத்தான் துழாவியது. இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தடத்தோடு நடந்து போனால், அங்கிருந்து ஒரு தடம், இங்கிருந்து ஒரு தடம் என்று நாலைந்து வந்து ஒரே இடத்தில் கூடின. அங்கே மூட்டம் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அங்கே நிற்கும்போது உடம்பு எந்தப் பக்கமும் சாயவில்லை. எல்லாப் பக்கமும் இருளாயி இருந்தாள். ஆடுகள் பிழைத்துக்கொண்டன. அந்த இடத்திலிருந்து பார்த்தால் நடுவெளியின் தூரத்தில் அந்த மினுக்கம் இன்னும் தெரிந்தது, கடுகளவு.

சோணைக்கு இந்தத் தடம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஓடைக்கு வழி கேட்டு யார் வர முடியும்? குரல் போகாது. இவள் போனால் இவளும் தொலைந்துபோவாள். ராக்கு நின்று அந்தக் கடுகையே பார்த்தாள். அவன் பக்கம் போய்ச் சேரக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வெளிச்சம். அந்த வெளிச்சம் ஆட்டு மயிரில் இருந்தது.

அவளுக்கு வந்த யோசனை எந்த மேய்ச்சல்காரிக்கும் வரக் கூடாத யோசனை. பொழுது சாய்ந்தால் ஆடுகளை ஒரே இடத்தில் நெருக்கி மடக்கிப் படுக்க வைப்பார்கள். கிடை மறிப்பது என்று அதற்குப் பேர். அதைக் கலைப்பதைவிடப் பெரிய பாவம் அவர்களுக்கு வேறு கிடையாது. சோணை போகும்போது கடைசியாகச் சொன்னதும் அதைத்தானே?

“மூளி” என்றாள். “உங்களை ஒவ்வொண்ணா இந்தத் தடத்தோட நிறுத்தப் போறேன். ஒண்ணு நின்ன இடத்துலேருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியிற தூரத்துல. எல்லாத் தடத்துலயும். இருளாயி எப்படிப் படுத்திருக்காளோ அப்படியே. தூரத்துலேருந்து பாத்தா அவருக்கு வழி தெரியும்.”

மந்தை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மறிக்குத் தனியாக நிற்பதைப் போலப் பயம் வேறில்லை. வெயில் ஏறினால் ஒன்றன் வயிற்றுக்கு அடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிற ஜீவன்கள் அவை.

“எம்புட்டு நேரம் நிக்கணும்?” என்று கேட்டது மூளி.

“அவரு வர்ற வரைக்கும். அசையக் கூடாது. மேய்ச்சலைத் தேடி அங்கிட்டு இங்கிட்டுப் போனீங்கன்னா கோடு கலைஞ்சுரும்.”

“காலடியில இருக்கிறது தீந்துபோனா?”

ராக்கு மூளியின் முதுகைத் தடவினாள். மூளி அவளைப் பார்த்தது. பிறகு தொங்கின தலையைத் தொங்கினபடியே வைத்துக்கொண்டு சொன்னது: “கடைக்கோடியில என்னை நிறுத்து. நான் நின்னா மத்ததுக்கு நிக்கிறதுக்குத் தைரியம் வரும். அதோட, தனியா நிக்கிறோம்னு யாரு சொன்னா? காலுக்குக் கீழ அவ இருக்காளே.”

ராக்கு மூளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு எழுந்து கிடையைக் கலைத்தாள்.

ஒவ்வொரு தடமாக நடந்தாள். நடந்து போய், ஒரு மறியின் முதுகில் தட்டி, “மறி, இங்கயே மறிச்சு நில்லு” என்பாள். அது நிற்கும். அடுத்ததைக் கூட்டிக்கொண்டு போவாள். கால் வீங்கியது, கல் குத்தியது, உட்காரவில்லை. கடைக்கோடியில் மூளியை நிறுத்திவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுவிட்டு, தடங்கள் கூடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஈன்ற ஆடுகளும் குட்டிகளும் அங்கே நெருக்கமாக நின்றன. அவளும் நின்றாள்.

வெளிச்சம் போய்ச் சேர நேரம் வேண்டாமா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே மறிகள் நின்றன. காலடியில் இருந்த மூட்டம் தீர்ந்தது, நகரவில்லை. மேய்ச்சல் இல்லாததால் மயிரில் புது நட்சத்திரம் முளைக்கவில்லை. இருந்த நட்சத்திரங்களுக்கு வயதாகியது. வெள்ளையாய் இருந்தது மஞ்சளாகி, மஞ்சளாய் இருந்தது அடுப்புத் தணலின் சிவப்பாகியது. ஒரு மறிகூட, என் கால் வலிக்கிறது என்று சொல்லி மடக்கவில்லை. முட்டாள் ஆடு என்று நாம் சொல்கிறோம்! அப்படி நிற்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அந்தக் கடுகு ஒருநாள் அசைந்தது.

சோணைக்கு என்ன நடந்தது என்பதை அவனே பிற்பாடு சொன்னான். நடுவெளியில் ஒன்றுமே இல்லை. போகப் போக வெறும் பொட்டல். பாதி ஆடு சுருண்டுவிட்டது. கொம்பன் மட்டும் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று தாடியை ஆட்டிக்கொண்டிருந்தது. சோர்ந்துபோய் மல்லாந்து படுத்தவன் கண்ணில் தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு பட்டது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று பதறி எழுந்து உட்கார்ந்தான். நெருப்பு என்றால் பரவும், இது வரிசையாக நின்றது. எவளோ ஒருத்தி வழி போட்டு வைத்திருக்கிறாள் என்று புரிந்துபோனது. கொம்பன் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது; ‘நீ இருந்து மேய்ஞ்சுட்டு வா ராசா’ என்று சொல்லிவிட்டு மறிகளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

முதலில் மூளியிடம்தான் வந்து சேர்ந்தான். அங்கிருந்து ஒவ்வொரு ஆடாக, நெற்றியைத் தொட்டுத் தொட்டு, கோடு காட்டிய வழியிலேயே நடந்து வந்தான். எலும்பும் தோலுமாக, தொரட்டியை ஊன்றிக்கொண்டு வந்து ராக்குவின் முன்னால் நின்றான். நின்றவன் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா?

“கிடையைக் கலைக்காதன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

கீதாரி புத்தி! ராக்குவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. “உங்க கோவம் கெடக்கட்டும். திரும்பிப் பாருங்க” என்றாள்.

திரும்பினான். வரும்போது ஒவ்வோர் ஆடாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், இப்போதுதான் முழுதாகப் பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிவப்புச் சிவப்பாக இழைகள் ஓடின. பிரிந்தன, வளைந்தன, மறுபடி கூடின. கூடுகிற இடமெல்லாம் கொத்தாக வெளிச்சம். இழைகளுக்கு நடுவில் பெரிய பெரிய வெறுமை. கண் போகிற தூரத்துக்கும் அதற்கு அப்பாலும் ஒரு பெண் கையும் காலும் கூந்தலுமாக நீட்டிப் படுத்து, வானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இது...” என்றான் சோணை. கையிலிருந்த தொரட்டி நழுவியது. “இது எந் தங்கச்சியா புள்ள? எம்புட்டுப் பெருசா இருக்கா!”

தூளியை ஆட்டியவன் அவன். கூடவே வளர்ந்தவன். ஒருநாளும் அவள் முகம் பார்க்காதவன். தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

ராக்கு அந்த இருட்டில் மண்டி போட்டுக் குனிந்தாள். “அடியே, கேக்குதா? நான் எப்படி இருப்பேன்னு கேட்டியே. இப்பத் தெரிஞ்சுபோச்சு. மொத ஆளா உன்கிட்டதான் சொல்றேன். உன்னாட்டம் அழகி இந்த லோகத்துல ஒருத்தியும் இல்லை. நீ இல்லாத எடம்தான் பொட்டலு. நீ இருக்கிற எடம்தான் ஊரு.”

பதில் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கழுத்துக் கயிறு லேசாக இறுகியது. தொட்டுப் பார்த்தாள். இத்தனை காலம் வெறுமனே கிடந்த இடத்தில் மூன்றாவது முடிச்சு விழுந்திருந்தது. நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். அவர்கள் நின்ற இடமும் அதே மாதிரிதான் இருந்தது, நாலைந்து இழைகள் வந்து கூடிய ஒரு முடிச்சாக.

சோணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “சரி, ஆடுகளைக் கூப்பிடு. பாவம், எம்புட்டு நேரம் நிக்கும்? கிடை மறிப்போம்.”

சோணை கோட்டோடு நடந்து வரும்போதே, ‘கிடைக்குத் திரும்புறீங்களா’ என்று ராக்கு ஆடுகள் வழியாக மூளியிடம் கேட்டிருந்தாள். மூளி சொல்லி அனுப்பிய பதில் ஆட்டுக்கு ஆடு கைமாறி வந்து சேர்ந்திருந்தது. “நாங்க நகர்ந்துட்டா அவளை மறுபடியும் ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க நிக்கிறோம்னு சொல்லு.” ராக்கு அதை அப்படியே புருசனிடம் சொன்னாள். சோணை மிச்சம் இருந்த மறிகளையும் கூட்டிக்கொண்டு போய், எந்த இழையில் இடைவெளி இருக்கிறதோ அங்கே ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தான்.

பூமிக்கு இறங்கி வந்த அவற்றின் வாரிசுகள் இன்றைக்கும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெள்ளாடு எங்கே வேண்டுமானாலும் துள்ளும். மறி தலையைக் கவிழ்த்து, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகும். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். வெறும் மறியாக இருந்தது செம்மறியானது அப்படி நின்று சிவந்துதான். அதனால்தான், இருளாயியைக் காண ஆசைப்படுகிறவர்கள் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்திருந்தாலும் இருட்டைத் துழாவுவதில்லை. சிவந்த மறிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார்கள், கடைசியில் அவள் தெரிகிறாள்.